நிழலரசனைக் கூப்பிட்டவள்

படப்பெட்டி வேலூர் பஸ்ஸின் கூரைமேல் ஏறித்தான் வந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் ஸ்டாண்டில் இறக்கிய பெட்டிக்கு மாலை போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி டாக்கீஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்து இரண்டு வெளியூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆபரேட்டர் ஜானி பாஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாலு ஆளைப் பிடித்துப் பெட்டியை மாடியிலிருந்த மெஷின் அறைக்கு ஏற்றினார்.

படத்தின் பெயர் 'மீண்டும் பரஞ்சோதி'. ஆகாயத்தில் பறக்கும் பரஞ்சோதியின் கதை, இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் பச்சைச் சொக்காயும் மஞ்சள் போர்வையுமாக, இடுப்பில் கட்டிய கயிறு தெரியத் தெரியத்தான் அந்த ஆள் பறந்தான். அப்படியும் நம் சனங்கள் ஐம்பது நாள் ஓட்டிவிட்டார்கள். ஆனால் இந்த முறை டாக்கீஸ் வாசலில் சட்டை கிழிய நின்ற கூட்டம் பரஞ்சோதிக்காக வந்தது இல்லை. வில்லனுக்காக வந்தது. வில்லன் நம்ம ஊர்க்காரன்.

சகாதேவன். அடி அண்ணாமலை கூத்து ஜமாவில் இரணியன் வேஷம் கட்டுகிறவன். அவன் சும்மா பேசினாலே என்ன சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான், அப்படிப்பட்ட தொண்டை. சினிமாக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போய், அந்தத் தொண்டையைத்தான் முதலில் மூடினார்கள். மற்றப் படங்களில் வில்லன் என்றால் கூரை அதிரச் சிரிப்பான். இந்தப் படத்து வில்லன் நிழலரசன் சிரிக்கவே மாட்டான். குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் குகையில் அடைக்கிறவன் அவன். குழந்தையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, காதோடு சொல்வதுபோலச் சொல்வான்.

"வா. கண்ணை மூடிக்கொள்."

அவ்வளவுதான் வசனம். கொட்டகையே மூச்சை நிறுத்திக்கொள்ளும். அடுத்த நொடி விசில் பறக்கும், 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவார்கள், பாஷா ரீலைத் திருப்பிப் போடுகிறவரை விடமாட்டார்கள். மெட்ராஸ் பத்திரிகைகள் கதாநாயகனை நாலு வரியில் முடித்துவிட்டு நிழலரசனுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தன.

பாவி, அதையெல்லாம் பார்க்க அவன் இல்லை. படம் வருவதற்கு இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து ஐந்தே நாளில் போய்விட்டான்.

அவன் பெண்சாதி ஆதிலட்சுமி அதே டாக்கீஸில்தான் வேலை பார்த்தாள். பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பாள், காட்சி முடிந்ததும் கொட்டகையைக் கூட்டுவாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள், வராவிட்டால் அடுப்பு எரியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஆறு வயது மகள் சந்திரகலாவும் கூடவே வந்தாள். அப்பா மெட்ராஸுக்கு ஷூட்டிங் போயிருக்கிறார் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் திரையில் அப்பாவைப் பார்த்ததும் சந்திரகலா பெஞ்சு மேலே ஏறிக் குதித்தாள். "எங்கப்பா! எங்கப்பா!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். பதினாறாவது ரீலில் பரஞ்சோதியின் நெற்றியிலிருந்து ஜோதி கிளம்பி நிழலரசனைப் பொசுக்கியது. உடம்பு பற்றி எரிய, அவன் மண்டியிட்டுச் சாய்ந்தான்.

குழந்தை போட்ட கூச்சல் மாடியில் மெஷின் சத்தத்தையும் தாண்டி பாஷாவுக்குக் கேட்டது. அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் நாலு நாள் விடவில்லை.

ஐந்தாம் நாள், மேட்னி தொடங்குவதற்கு முன்னால், ஆதிலட்சுமி மாடிப்படி ஏறி வந்தாள். அதுவரை ஒரு தடவைகூட மெஷின் அறைப் பக்கம் வந்தவளில்லை.

"பாய், ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லும்மா."

"அவரு சாவறத மட்டும் காட்டாதீங்க. புள்ளை கண்ண மூடினா எரியறாரு எரியறாருன்னு அலறுது. எனக்கும் ஒரு நாளைக்கு நாலு வாட்டி கொள்ளி வெக்கிற மாதிரி இருக்குது."

பாஷா நாலு பெண்களைப் பெற்றவர், மனசு இளகிய மனுஷன். கத்திரிக்கோலை எடுத்தார். சாகிற காட்சி இருநூறு அடி இருக்கும். வெட்டி எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டார். முன்னையும் பின்னையும் சேர்த்துப் பசை வைத்து ஒட்டினார். அன்று மேட்னியில் நிழலரசன் கையை ஓங்கினான், அடுத்த நொடி பரஞ்சோதி குழந்தைகளோடு வானத்தில் பறந்தான். நிழலரசன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. "சாகல டோய், எங்க ஊர்க்காரன் சாகல!" என்று தரை டிக்கெட் விசிலடித்தது. இரண்டு நிமிஷம் முன்னதாகப் படம் முடிகிறதே என்று மேனேஜர் சக்கரபாணிக்கும் சந்தோஷம்.

வினை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் மெஷின் அறையில் ஒரு வாசனை. மெஷின் விளக்கில் கார்பன் குச்சி எரிகிற நெடிதான் அங்கே எப்போதும் இருக்கும். இது வேறு. அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை, கூத்துக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் அடிக்குமே, அது. பாஷா ஜன்னலைத் திறந்தார். வெளியே வெயில் கொளுத்தியது, மலை மேலே ஒரு மேகம்கூட இல்லை. ஆடிக் காற்று சரசரவென்று உள்ளே வந்தது. வாசனை போகவில்லை.

சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தார். சிம்மாசனத்தில் நிழலரசன் உட்கார்ந்திருந்தான். எதிரே பரஞ்சோதி நின்று சவால் விட்டுக்கொண்டிருந்தான். இருபது காட்சிக்கு மேல் ஓட்டிய படம், எந்த இடத்தில் எவன் எப்படி நிற்பான் என்று பாஷாவுக்கு மனப்பாடம். நிழலரசன் பரஞ்சோதியைப் பார்த்துத்தான் பேசுவான்.

இன்றைக்கு அவன் பரஞ்சோதியைப் பார்க்கவில்லை.

பெண்கள் பக்கம் பார்த்தான்.

காட்சி முடிந்ததும் பாஷா ரீலை இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் கண் வலது ஓரத்துக்குத் திரும்பியிருந்தது. வெயிலில் கண் பூத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னாரே தவிர, ரீலை மறுபடி விளக்குக்கு நேரே பிடித்தார்.

சந்திரகலாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் குழந்தை பழைய குழந்தையாக இல்லை. சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கை கால் குச்சியாகிவிட்டது. கொட்டகையில் மூன்றாவது பெஞ்சில், பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டே உட்கார்ந்தாள். வேறு யாராவது அங்கே உட்கார வந்தால், "அங்க எங்கப்பா கீறாரு" என்பாள். அந்தப் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு மேட்னி இடைவேளையில் குழந்தையைக் காணவில்லை. கக்கூஸ் பக்கம், முறுக்குக் கடை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் தேடிவிட்டு, ஆதிலட்சுமி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். கடைசியில் பாஷாதான் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அது ஆள் போகாத இடம். ஸ்பீக்கர் பெட்டி, ஒட்டடை, உடைந்த நாற்காலி, சில்லென்ற இருட்டு.

நடுவில் சந்திரகலா நின்றிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். வலது கை பக்கவாட்டில் உயர்ந்திருந்தது, அந்த உயரத்தில் யாரோ பிடித்திருப்பதுபோல.

"கலா!"

"சத்தம் போடாதீங்க மாமா," என்றாள் குழந்தை, கண்ணைத் திறக்காமல். "அப்பா கூட்டிட்டுப் போறாரு. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

பாஷா குழந்தையை வாரித் தூக்கினார். அந்தக் கை மட்டும் ஐஸாக இருந்தது. உள்ளங்கையில் அரிதாரச் சிவப்பு ஒட்டியிருந்தது.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு செல்லவில்லை. மனைவி முன்னி பேகம் துருவித் துருவிக் கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது என் கத்திரிக்கோலால ஆனது முன்னி," என்றார்.

மறுநாள் முதல் வேலையாக டப்பாவைத் திறந்து, சாகிற காட்சியைப் பழைய இடத்தில் ஒட்டினார். மேட்னியில் நிழலரசன் கையை ஓங்கினான். பரஞ்சோதியின் நெற்றியில் ஜோதி கிளம்பியது.

படக்.

பிலிம் அறுந்தது. மறுபடி ஒட்டினார். அடுத்த காட்சியிலும் அதே இடத்தில் அறுந்தது. மூன்றாம் தடவை இரட்டைப் பசை போட்டு ஒட்டி, மெஷின் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டின இடம் ஒழுங்காகத்தான் போனது. ஒட்டாத இடத்தில், நல்ல பிலிமில் அறுந்தது.

பாஷா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அடி அண்ணாமலைக்குப் போனார். ஜமாவில் மிருதங்கம் வாசிக்கும் பலராமன் சகாதேவனுக்குச் சிநேகிதன், ஒரே வயசு. நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னார்.

"பாய், கூத்துல ஒருத்தன் செத்து வுழுந்தான்னா அப்படியே எந்திரிச்சிப் போவ மாட்டான். மேல வேட்டியப் போத்திருவோம். கற்பூரம் காட்டி, நெசப்பேரச் சொல்லி மூணு வாட்டி கூப்பிடுவோம். அப்பத்தான் வேஷம் எறங்கும், ஆளு எந்திரிப்பான். மெட்ராஸுல இந்தச் சீன எடுத்துட்டு எல்லாரும் சாப்பாட்டுக்குப் பூட்டாங்களாம். 'செத்துக் கெடந்தேன்டா, ஒரு நாயி கூப்பிடல, நானே எந்திரிச்சி வந்தேன்'னு சகாதேவன் எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சான். அதுக்கப்புறம் அவன் வூட்டுலகூட மெதுவாத்தான் பேசினான் பாய். நான் கவனிக்காம வுட்டுட்டேன்."

"இப்ப என்னாப்பா பண்றது?"

"படத்துலயாச்சும் காட்சிக்குக் காட்சி செத்துக்கினு இருந்தான். அதையும் நீங்க வெட்டிட்டீங்க. இப்ப வந்து ஒக்காந்துக்கினு இருக்கறது சகாதேவன் இல்ல. வேஷம். அதுக்குப் புள்ளையத் தூக்கறது ஒண்ணுதான் தெரியும்."

மறுநாள் மேட்னிக்கு பலராமன் வந்தான். நிழலரசன் திரையில் வந்ததும் எழுந்து நின்று, "சகாதேவா! சகாதேவா! டேய் சகாதேவா!" என்று கூப்பிட்டான். தரை டிக்கெட்டெல்லாம் கொல்லென்று சிரித்தது. திரையில் இருந்தவன் அசையவில்லை. அவன் கண் மூன்றாவது பெஞ்சிலேயே இருந்தது.

பலராமன் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான். "என் கூப்பாட்டுக்குத் திரும்பல பாய். அவன் பெண்சாதி கூப்பிடட்டும். அவளுக்குத் திரும்புவான். ஆனா பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். பேருக்குச் சகாதேவன் வருவான். பேர் சொல்லாம கூப்பிட்டா..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆதிலட்சுமி எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மேட்னி. சாயந்திரம் பெட்டி கட்டி போளூருக்கு அனுப்பியாக வேண்டும். கொட்டகையில் முப்பது பேர்கூட இல்லை. சந்திரகலா தன் பெஞ்சில் தலை சாய்ந்து கிடந்தாள், மூச்சு மட்டும் ஓடியது. கார்பன் குச்சியை நொடிக்கு நொடி தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் செத்துவிடும். அதனால் பாஷா மெஷினை விட்டு நகர முடியாமல், ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

பதினாறாவது ரீல்.

ஆதிலட்சுமி எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் நிழல் சின்னதாகத் திரையில் விழுந்தது. மேலே ஓர் ஆள் உயரத்துக்கு நிழலரசனின் முகம்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மறுபடி திறந்தாள்.

சொல்லு தாயே, சொல்லு, என்று மேலே பாஷா பல்லைக் கடித்தார்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து பத்து வருஷம், அந்தப் பெயரை அவள் உச்சரித்ததில்லை. ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர்கள் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொன்னவள். செத்தவன்தானே என்று நாக்கு அவ்வளவு சுலபத்தில் புரளுமா?

"என்னாங்க," என்றாள் ஆதிலட்சுமி. குரல் உடைந்து அழுகையாக வந்தது. "என்னாங்க, போதுங்க. வூட்டுக்கு வாங்க."

பாஷா ஓட்டையில் வாயை வைத்து, "பேரு! பேரச் சொல்லும்மா!" என்று கத்தினார். மெஷின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

திரையில் நிழலரசன் திரும்பினான்.

மெதுவாக, முகத்தைக் கீழே இறக்கி, அவளைப் பார்த்தான்.

கொட்டகை இருண்டது. பிலிம் அறுந்திருந்தது. விளக்கைப் போட்டபோது ஆதிலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்திரகலா எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது," என்றாள். பத்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் குழந்தை பசி என்றாள். இரண்டு இட்லி தின்றாள். ஐஸாக இருந்த கை கதகதப்பாகியிருந்தது, பக்கத்து இடத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் கண்ணில் தண்ணீர். மெஷின் அறையில் அந்த வாசனையும் இல்லை.

"பேரச் சொன்னியாம்மா?" என்று பாஷா மட்டும் கேட்டார்.

"வாயில வரல பாய். எப்படிச் சொல்றது? ஆனா திரும்பினாரு, பாத்தீங்க இல்ல?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பிலிமை ஒட்டினார், பெட்டியைக் கட்டினார், பஸ்ஸில் ஏற்றினார். கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் அறைக்கு டிரங்க் கால் வந்தது. போளூர் ஆபரேட்டர் வேணு.

"பாய், என்னா பெட்டி அனுப்பியிருக்கீங்க? காலைக் காட்சி ஓடிக்கினு இருக்குது, வில்லனக் காணோமே!"

"காணோம்னா? ரீல் மாறிடுச்சா?"

"ரீலெல்லாம் சரியாத்தான் கீது. பரஞ்சோதி கீறான், கொழந்தைங்க கீது, குகை கீது. சிம்மாசனம் காலியா கீது பாய். பரஞ்சோதி தன்னந்தனியா நின்னு காத்துகூடச் சண்டை போடறான். ஜனங்க பெஞ்ச ஒடைக்கறாங்க, நான் என்னா பதில் சொல்றது?"

பாஷா போனைக் கீழே வைத்தாரா, அப்படியே விட்டாரா, அவருக்கே நினைவில்லை. சைக்கிளை மிதித்தார். மலை சுற்றும் பாதையில் உச்சி வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆதிலட்சுமியின் கூரை வீடு ஊர்க் கோடியில், கேழ்வரகுக் கொல்லையை ஒட்டி இருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தலையில் கனகாம்பரம். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"வாங்க பாய்," என்றாள். "மெதுவா பேசுங்க. உள்ள படுத்துக்கினு இருக்காரு."

பாஷா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து சந்திரகலா ஓடிவந்து அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அது அப்பா இல்ல. என்னை உங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஆதிலட்சுமி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட்டிட்டுப் போயிடுங்க பாய். பொழுது சாயறதுக்குள்ள போயிடுங்க. அது புள்ளை எங்க, புள்ளை எங்கன்னு கேட்டுக்கினே இருக்குது. அது இருக்கற வரைக்கும் புள்ளை இங்க இருக்க வேணாம், முன்னியக்கா கிட்டயே வளரட்டும்."

'அது' என்றாள். பாஷாவுக்கு எல்லாம் புரிந்துபோனது.

"அது சகாதேவன் இல்லன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் பாய்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "மூஞ்சி அவரோடதுதானே."

"பைத்தியமாட்டம் பேசாத! நீயும் கெளம்பு, மூணு பேரும் போயிடலாம்!"

"கூப்பிட்டது நானு. நானும் வந்துட்டா அது பின்னாலயே வரும். ஒருத்தராச்சும் இங்க இருந்து கதவ மூடி வெக்கணும் இல்ல?" மகளை ஒரு முறை இழுத்து அணைத்து, நெற்றியை வழித்து முத்தமிட்டாள். பிறகு அவளே தூக்கி சைக்கிள் பாரில் உட்கார வைத்தாள்.

பாஷா அழுதுகொண்டே மிதித்தார். குழந்தை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தது. பாதை திரும்புகிற இடத்தில் மனசு கேட்காமல் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

ஆதிலட்சுமி கீரை முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் போய் நின்றாள். விரலால் மெல்லத் தட்டினாள். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் அவள் சொன்னது பாஷாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"புள்ளை போயிட்டா. நான் மட்டுந்தான். தொறங்க."

கதவு உள்ளிருந்து திறந்தது.